'பிளேட்லெட் இறங்கிருச்சு', 'ரத்தம் கம்மி', 'நெகட்டிவ் குரூப்'... லேப் ரிப்போர்ட் வார்த்தைகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும், நம் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே மாதிரியான மெசேஜ்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். 'மிக அவசரம்... டெங்கு பேஷன்ட்... பிளேட்லெட் தேவை' என்று தொடங்கி வார்டு நம்பர், செல் நம்பரோடு முடியும். பிளேட்லெட் என்ற சொல் ஒரு காலத்தில் லேப்பில் வேலை பார்ப்பவர்களுக்கும் டாக்டர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. இன்றைக்குப் பால் வாங்க வந்த இடத்தில்கூட, "பையனுக்கு பிளேட்லெட் எவ்ளோ இருக்காம்?" என்று விசாரிக்கிறார்கள். பிளேட்லெட் மட்டுமல்ல, ஹெச்.பி, பிபி, ஹெச்பிஏ1சி, பிளட் தின்னர் என ரத்தத்தைச் சுற்றியிருக்கும் ஒரு டஜன் மருத்துவச் சொற்கள் நம் வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்டன.

ரத்தத்தைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. குருதி, உதிரம், செந்நீர் என்று இலக்கியத்துக்கு ஒரு வரிசை. 'ரத்தம் கொதிக்குது', 'ரத்தம் சுண்டிப்போச்சு', 'ரத்த பாசம்' என்று வீட்டுக்கு ஒரு வரிசை. இதில் மூன்றாவதாக லேப் ரிப்போர்ட்டின் வரிசையும் சேர்ந்திருக்கிறது. பிரச்னை என்னவென்றால், சொல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அதன் அர்த்தம் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் தேவையில்லாத பயம், தேவையில்லாத செலவு, சில நேரங்களில் உயிரிழப்புகூட நேர்கிறது.

அப்படி நாம் தினமும் பேசும், ஆனால் தப்பாகப் புரிந்துகொள்ளும் சில சொற்களைப் பார்ப்போம்.

பிளேட்லெட்: எல்லோரும் பார்க்கும் எண்... பலரும் பார்க்காத எண்!

ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய தட்டு போன்ற துணுக்குகள்தான் பிளேட்லெட். தமிழில் தட்டணுக்கள் என்கிறோம். காயம் பட்டால் ஓடிவந்து ஓட்டையை அடைப்பது இவற்றின் வேலை. ஒரு தட்டணுவின் ஆயுள் சுமார் 8 முதல் 10 நாள்கள்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது நார்மல்.

டெங்குவில் இந்த எண்ணிக்கை இறங்கும். உண்மைதான். 80 ஆயிரம், 50 ஆயிரம் என்று ரிப்போர்ட் வந்ததும் குடும்பமே ஆடிப்போகிறது. "உடனே பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்" என்று வற்புறுத்துகிறார்கள். ஆனால் டெங்குவுக்கான சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்வது வேறு. ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை 10 ஆயிரத்துக்கும் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக பிளேட்லெட் ஏற்றுவது பற்றியே யோசிக்கச் சொல்கின்றன. ரத்தக்கசிவு இருந்தால் அது தனிக் கதை. மற்றபடி, வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுக்களும் டெங்குவின் தாக்குதலில் சீக்கிரமே அழிந்துவிடும். காய்ச்சலின் கட்டம் கடந்ததும் உடல் தானாகவே எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ளும்.

அப்படியென்றால் டெங்குவில் ஆளைக் கொல்வது எது? பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு. பிளாஸ்மா என்பது ரத்த அணுக்கள் மிதக்கும் வெளிர்மஞ்சள் நீர்ப்பகுதி. டெங்கு தீவிரமாகும்போது ரத்தக்குழாய்களின் சுவர் வழியாக இந்த நீர் வெளியே கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் சேர்கிறது. குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது, உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் 'ஷாக்' நிலை வருகிறது.

இந்தக் கசிவைக் காட்டும் சொல் அதே ரிப்போர்ட்டில், பிளேட்லெட்டுக்குச் சில வரிகள் மேலே இருக்கிறது. பி.சி.வி அல்லது ஹீமேட்டோகிரிட் என்று போட்டிருப்பார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவிகித இடத்தை அடைத்திருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். நீர் கசிந்து குறைந்தால் இந்தச் சதவிகிதம் ஏறும். காய்ச்சலின் ஆரம்பத்தில் 40 இருந்தது 48 ஆகிவிட்டால், அது 20 சதவிகித ஏற்றம். டாக்டர்கள் உஷாராகும் எல்லை. இந்த ஏற்றத்தோடு பிளேட்லெட்டும் சேர்ந்து மடமடவென்று இறங்குவதைத்தான் அவர்கள் எச்சரிக்கை மணியாகப் பார்க்கிறார்கள். நாமோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடுகிறோம்.

இன்னொரு ஆபத்து, நேரம் சம்பந்தப்பட்டது. காய்ச்சல் விட்டதும், "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கிளம்ப நினைக்கிறோம். ஆனால் இந்தக் கசிவு தீவிரமாவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்து உட்கார முடியாத சோர்வு, சிறுநீர் குறைவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் பிளேட்லெட் 1 லட்சத்துக்கு மேல் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிடலாம். சில லேப்கள் பிளேட்லெட்டை '1,20,000' என்று அச்சடிக்கின்றன. சில லேப்கள் ஆயிரத்தில் கணக்கிட்டு வெறும் '120' என்று போடுகின்றன. இரண்டும் ஒன்றுதான். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பார்க்காமல் '120-தான் இருக்கு' என்று அலறி, ஊரையே அலறவிடத் தேவையில்லை.

இந்தப் பதற்றத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். தானமாகக் கிடைக்கும் தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில், ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைத்து, 5 நாள்கள்தான் பாதுகாக்க முடியும். தேவையில்லாத ஒருவருக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு பையும், ரத்தப் புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுத்துக்கொண்டு உண்மையிலேயே அதற்காகக் காத்திருக்கும் ஒரு குழந்தைக்குப் போயிருக்க வேண்டியதாக இருக்கலாம்.

'ரத்தம் கம்மி': அளவா, தரமா?

"உனக்கு ரத்தம் கம்மியா இருக்கும்மா." இதைக் கேட்காத தமிழ்ப் பெண்கள் குறைவு. கேட்டதும் பெரும்பாலானோர் மனதில் ஓடும் படம், பாதி காலியான தண்ணீர்த் தொட்டி. ஆனால் ரத்தச்சோகையில் பொதுவாக ரத்தத்தின் அளவு குறைவதில்லை. வளர்ந்த ஒருவர் உடலில் ஓடும் சுமார் 5 லிட்டர் ரத்தம் அப்படியேதான் இருக்கிறது. குறைவது அதிலுள்ள ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி, உடம்பின் மூலை முடுக்கெல்லாம் இறக்கும் இரும்புச்சத்துள்ள புரதம் அது. பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே சீட்தான் போதவில்லை என்பது மாதிரியான நிலை.

இதில் வேடிக்கை, ஆங்கில மருத்துவச் சொல்லும் நம்மைப் போலவே தப்பு செய்திருக்கிறது. அனீமியா என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'ரத்தம் இல்லாமை' என்று பொருள். நம் பழைய சொல்லான 'சோகை' அந்த வம்புக்கே போகவில்லை. வெளுத்து, களைத்து, சோர்ந்துபோன தோற்றத்தைச் சொல்கிறது. "ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்க?" என்று பாட்டி கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாரே, அது கிட்டத்தட்ட டாக்டர் செய்யும் அதே பரிசோதனை.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை. 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளில் 67.1 சதவிகிதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களிடம் 53.1 சதவிகிதமாக இருந்தது. அதாவது, குறைந்திருக்க வேண்டியது கூடியிருக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தை வைத்துச் செய்த பரிசோதனை என்பதால் எண்ணிக்கை கொஞ்சம் மிகையாக இருக்கலாம் என்ற விவாதமும் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் பிரச்னை சின்னதல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தச்சோகை. ஆனால் நம் வீடுகளில், "பொம்பளைங்களுக்கு 10 இருந்தா போதும்" என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவதையும், மதியத்துக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காததையும் வயசு, வேலை, 'சோம்பேறித்தனம்' என்று ஏதாவதொன்றின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அப்படி எழுதப்படுவது பெரும்பாலும் பெண்களின் களைப்புதான்.

'ரத்தம் கம்மி' என்ற சொல்லின் இன்னொரு விளைவு, 'ரத்தம் ஊறணும்' என்ற வைத்தியம். சிவப்பாக இருப்பதைச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று பீட்ரூட்டையும் மாதுளையையும் நம்புகிறோம். பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பீட்டாலெய்ன் என்ற நிறமி. அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. ஈரல், இறைச்சி, கீரை, பயறு, கேழ்வரகு என்று இரும்பு இருக்கும் உணவுகள் வேறு. கூடவே எலுமிச்சை, நெல்லி போன்ற வைட்டமின் சி சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடைப்படும்.

அதைவிட முக்கியம், எல்லாச் சோகையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை. பி12, ஃபோலிக் அமிலக் குறைவு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குடலில் கொக்கிப்புழு, மூலத்தில் தொடர்ந்து கசியும் ரத்தம், சிறுநீரக நோய், பரம்பரையாக வரும் தலசீமியா என்று பட்டியல் நீளம். ரிப்போர்ட்டில் எம்.சி.வி என்றொரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. அணு சின்னதாக இருந்தால் இரும்புக் குறைவோ, தலசீமியா மரபணுவோ காரணமாக இருக்கலாம். பெரிதாக இருந்தால் பி12 பக்கம் பார்க்க வேண்டும். பல வருடங்களாக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹெச்.பி அசையவில்லை என்றால், "எனக்கு எந்த வகைச் சோகை?" என்று கேட்க வேண்டிய நேரம் அது.

'மூணு மாச சுகர்': நாமே செய்த நல்ல தமிழ்... ஒரு சின்ன ஓட்டையோடு!

ஹெச்பிஏ1சி. வாயில் நுழையாத இந்தப் பெயரை நம் மக்கள் 'மூணு மாச சுகர்' ஆக்கிவிட்டார்கள். எந்தக் கலைச்சொல் அகராதியும் இவ்வளவு அழகாகச் செய்திருக்காது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள். எனவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த 2, 3 மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் ஸ்வீட்டைத் தவிர்த்து யாரும் இதை ஏமாற்ற முடியாது.

ஆனால், இந்தக் கணக்கு சிவப்பணுக்கள் நார்மலாக இருக்கும் என்ற நம்பிக்கையில் போடப்படுவது. இரும்புச்சத்துக் குறைவால் சோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்கும் குறைவாகக் காட்டலாம். பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சோகை இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் எண் இருந்து, ஹெச்.பி-யும் குறைவாக இருந்தால், இரண்டு வரியையும் சேர்த்துக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ்: கல்யாணப் பேச்சில் நுழைந்த குரங்கு

1901-ல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தை மூன்று வகையாகப் பிரித்தார். ஏபி வகை அடுத்த ஆண்டு சேர்ந்தது. அவருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் உலக ரத்த தான தினமாகக் கொண்டாடுகிறோம். 1940-ல் அவரும் அலெக்ஸாண்டர் வீனரும் கண்டறிந்த இன்னொரு விஷயம் ஆர்ஹெச் காரணி. ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அந்தக் குரங்கின் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் காரணி இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால், 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு வாசனை உண்டு. ஹெச்.ஐ.வி டெஸ்ட்டில் நெகட்டிவ் என்றால் நிம்மதி. பிளட் குரூப்பில் நெகட்டிவ் என்றால், ஏதோ குறை போல முகம் மாறுகிறது. அதோடு, "மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே பிளட் குரூப், கல்யாணம் பண்ணலாமா?" என்ற கேள்வி இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. ஒரே குரூப்பில் கல்யாணம் செய்வதால் எந்தப் பிரச்னையும் இல்லை. சொந்தத்தில் செய்யும்போது பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறதே, அது வேறு விஷயம். அங்கே பகிரப்படுவது மரபணு. தாய்மாமனைக் கட்டுவதைப் பற்றிக் கவலைப்படாத வீடுகளே, முன்பின் தெரியாத வரனின் 'ஓ பாசிட்டிவ்'வைப் பார்த்துத் தயங்குவதை என்னவென்று சொல்ல?

உண்மையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அம்மா நெகட்டிவ், வயிற்றிலிருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்தை அம்மாவின் உடல் அந்நியமாக நினைத்து எதிர்ப்பு அணுக்கூறுகளை உருவாக்கலாம். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அவை அழிக்கலாம். இதைத் தடுக்க 'ஆன்ட்டி-டி' ஊசி இருக்கிறது. கர்ப்பத்தின் 28-வது வாரத்தையொட்டி ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கருச்சிதைவு ஆனாலும் இந்த ஊசி பற்றிக் கேட்க வேண்டும். பலரும் தவறவிடுவது அதைத்தான். 'அதான் குழந்தையே இல்லையே' என்ற துக்கத்தில், அடுத்த குழந்தைக்கான பாதுகாப்பு மறந்துபோகிறது.

'ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் கொடுக்கலாம்' என்பதும் முழு உண்மை அல்ல. 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டே குழுவினர் ஒரு புதுவகை ரத்தத்தைக் கண்டறிந்தார்கள். சாதாரணப் பரிசோதனையில் 'ஓ' போலவே தெரியும். ஆனால் இவர்களுக்கு 'ஓ' ரத்தம்கூடச் சேராது. தங்களைப் போன்ற இன்னொருவரின் ரத்தம் மட்டுமே பொருந்தும். உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் அதன் பெயர், 'பாம்பே பிளட் குரூப்'.

அரிவாள் அணுவும் 'கேரியர்' என்ற பட்டமும்

அதே 1952-ல் நம் நீலகிரியில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவர், அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் சிக்கிள் செல் இருப்பதைப் பதிவு செய்தார்கள். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு பிறைபோல வளைந்து, சிறிய ரத்தக்குழாய்களில் சிக்கி, தாங்க முடியாத வலியைக் கொடுக்கும் பரம்பரை நோய் அது. தமிழில் 'அரிவாள் செல் சோகை' என்கிறோம். அரிவாள் என்றதும் நமக்கு வெட்டரிவாள் ஞாபகம் வந்துவிடுகிறது. இது கதிர் அறுக்கும் அரிவாள்.

2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில், இந்த நோயை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. நல்ல திட்டம். ஆனால் இங்கேயும் எல்லாம் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. பரிசோதனையில் 'நோயாளி' என்று வருபவர்களைவிட, 'கேரியர்' என்று வருபவர்கள் பல மடங்கு அதிகம். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பொதுவாக நோய் இருக்காது. இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவிகித வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் கேரியர் என்றால், குழந்தைக்கு இந்த நோய் வராது.

நம் ஊரில் 'கேரியர்' என்றால் டிபன் கேரியர்தான். அந்தச் சொல்லை ஓர் அட்டையில் எழுதி, கல்யாண வயதில் இருக்கும் ஒரு பெண்ணிடம் விளக்கமில்லாமல் கொடுத்தால், "அந்தப் பொண்ணுக்கு ரத்தத்துல ஏதோ நோயாம்" என்று ஊர் சொல்லிவிடும். பரிசோதிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும். ஆனால் அந்த முடிவை அந்தப் பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் புரியவைக்க, அவர்கள் மொழியில் அரை மணி நேரம் பேச வேண்டும். ஒரு திட்டத்தின் வெற்றியை எத்தனை கோடிப் பரிசோதனை என்று மட்டும் எண்ணினால், இந்த அரை மணி நேரம் கணக்கிலேயே வராது.

பிளட் தின்னர்: ரத்தத்தை நீர்க்க வைக்குமா?

ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், வால்வு மாற்று அறுவைசிகிச்சைக்குப் பிறகு தரப்படும் மாத்திரைகளை 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை' என்கிறோம். இவை ரத்தத்தில் தண்ணீர் கலப்பதில்லை. ரத்தம் உறையும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. அதிலும் இரண்டு கட்சி. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. வார்ஃபரின் போன்றவை உறைதலுக்கான புரதங்களைக் கட்டுப்படுத்துபவை. வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1950-களில் மனிதர்களுக்கான மருந்தானது. அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. அதனால்தான் ஐ.என்.ஆர் என்ற பரிசோதனையை அடிக்கடி எடுக்கச் சொல்கிறார்கள்.

'நீர்க்க வைப்பது' என்று புரிந்துகொள்வதில் என்ன ஆபத்து? "பூண்டு சாப்பிட்டாலே ரத்தம் நீர்த்துரும்" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். பல் பிடுங்குவதற்கு முன் தாங்களாகவே நிறுத்துபவர்களும், பல் டாக்டரிடம் சொல்லாமலே போய் உட்காருபவர்களும் இருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த சில மாதங்களில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிரைப் பறிக்கலாம். 'ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை' என்று சொல்லிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

170 வருடத்துக்கு முன்பே தமிழில் பாடம்... இன்றைக்கும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட்

தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1847-ல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழ் கற்று, உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே ஆங்கில மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். உடற்கூறு, அறுவைசிகிச்சை, வேதியியல் எனப் பல பாடநூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு, குருதி அமுக்கம் என்று படிக்கிறார்கள். இங்கே சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தட்டு, ரத்த அழுத்தம். சொற்கள் இரண்டு கரையிலும் இருக்கின்றன.

2022 அக்டோபரில் போபாலில் எம்.பி.பி.எஸ் பாடநூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டபோது, மருத்துவத்தைத் தாய்மொழியில் படிக்கலாமா என்று நாடு முழுக்க விவாதம் நடந்தது. தமிழ்நாட்டிலும் நடந்தது. அந்த விவாதம் முழுக்க மாணவர்களின் புத்தகத்தைப் பற்றியது. நோயாளியின் கையில் கொடுக்கப்படும் காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்டராகப் போகிறவர் சில ஆயிரம் பேர். லேப் ரிப்போர்ட் வாங்காத குடும்பம் ஏது? தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம், நோய் பற்றிய தகவல்களை நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும் விதத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. நடைமுறையில் நமக்குக் கிடைப்பது, தடித்த எழுத்தில் அச்சான 'ஹெச்', 'எல்' என்ற இரண்டு எழுத்துகளும், அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் செய்யும் கூகுள் தேடலும்தான்.

இதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. ஹீமோகுளோபினைத் தனித்தமிழில் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. பெயர் என்னவாகவும் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், 'ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். குறைந்தால் சோகை' என்று தமிழில் ஒரே ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்? அரசு மருத்துவமனை லேப்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்...

அந்த ஒரு வரி அச்சாகும்வரை, நாம் செய்யக்கூடியவை சில:

* எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்திலுள்ள அலகையும், அந்த லேப் போட்டிருக்கும் நார்மல் அளவையும் சேர்த்துப் பாருங்கள். லேபுக்கு லேப் இது மாறும்.

* நார்மல் அளவு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமான 100 பேரில் 95 பேரை உள்ளடக்கும்படி போடப்பட்ட கோடு. எனவே, கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை.

* பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப்போடாதீர்கள். இன்றைய எண்ணைவிட, போன முறையிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

* "ரத்தம் கம்மி" என்று சொன்னால், "என்ன காரணத்தால்?" என்று கேளுங்கள். "பிளேட்லெட் குறைவு" என்றால், "பி.சி.வி எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேரத்தில் உங்களுக்காக அந்தச் சீட்டுதான் பேசும்.

டாக்டரிடம் கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஊசி போட்டு எடுத்தது நம் ரத்தம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நமக்கில்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?